பூட்டிய வீட்டில் ஓடிய தண்ணீர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடைக்காலத் தண்ணீர்ச் சிக்கனம் குறித்துத் தங்கள் சென்ற வார இதழில் வெளியான கட்டுரையை எங்கள் குடியிருப்பின் அறிவிப்புப் பலகையில் ஒட்டி வைத்திருக்கிறோம். பல் துலக்கும்போது குழாயை மூடுங்கள், ஷவரை விட்டு வாளிக்கு மாறுங்கள், காரை ஈரத்துணியால் துடையுங்கள் என்று அதில் கூறப்பட்டிருந்த எதிலும் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால், கண்ணெதிரே ஓடும் தண்ணீரைப் பற்றி மட்டுமே அக்கட்டுரை பேசியது. வீட்டில் ஒருவரும் குழாயைத் திறக்காத நேரத்திலும் போய்க்கொண்டே இருக்கும் தண்ணீரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. சென்ற கோடையில் எங்களுக்கு நேர்ந்ததை வைத்துப் பார்த்தால், முதலில் பேச வேண்டியது அதைத்தான் என்று தோன்றுவதால் இதை எழுதுகிறேன்.

மடிப்பாக்கத்தில் பதினான்கு வீடுகள் கொண்ட, இருபது ஆண்டுகளைக் கடந்த அடுக்குமாடிக் குடியிருப்பு எங்களுடையது. பணி ஓய்வு பெற்றவன் என்ற ஒரே தகுதியால் சங்கச் செயலாளர் பொறுப்பு என் தலையில் விழுந்தது. போர்வெல் தண்ணீர் உப்பு. சித்திரை பிறந்தால் அதுவும் கீழே இறங்கிவிடும். பிறகு 12,000 லிட்டர் லாரிதான் கதி. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவரப்பட்ட 2019-ஆம் ஆண்டுக்குப் பிறகு, லாரி வரும் நேரத்தைக் குறிப்பேட்டில் எழுதி வைக்கும் பழக்கம் எங்களுக்கு வந்துவிட்டது. அந்தக் குறிப்பேடுதான் சென்ற ஆண்டு எங்களைத் திடுக்கிட வைத்தது. குடியிருப்போர் 46 பேர். பாதாளச் சாக்கடை வசதியுள்ள நகரங்களில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது மத்திய அரசின் குடிநீர் வழங்கல் கையேடு கூறும் அளவு. அதன்படி எங்களுக்கு 6,210 லிட்டர் போதும், ஒரு லாரித் தண்ணீர் ஏறத்தாழ இரண்டு நாள் வர வேண்டும். எங்களுக்கோ அது முப்பது மணி நேரத்தில் தீர்ந்துகொண்டிருந்தது.

யார் வீட்டில் அதிகம் செலவாகிறது என்ற பேச்சு எழுந்ததும், இரண்டாம் மாடியில் பிரசவத்துக்கு மகள் வந்திருந்த குடும்பத்தின் மீதே எல்லோருடைய பார்வையும் திரும்பியது. அங்கே துணி துவைக்கும் இயந்திரம் இரண்டு வேளையும் ஓடுகிறது, விருந்தினர் வந்தவண்ணம் இருக்கின்றனர் என்று கூட்டத்தில் சிலர் சொன்னதை, செயலாளர் என்ற முறையில் நான் அப்போதே தடுத்திருக்க வேண்டும்.

சண்டையை ஒத்தி வைப்பதற்காகவே ஓர் இரவு அளந்து பார்க்க முடிவு செய்தோம். மொட்டை மாடியிலுள்ள கான்கிரீட் தொட்டி மூன்று மீட்டர் நீளமும் இரண்டு மீட்டர் அகலமும் கொண்டது. ஆகவே தண்ணீர் ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் 60 லிட்டர் செலவாகியிருக்கிறது என்று பொருள். மோட்டாரை நிறுத்திவிட்டு, நள்ளிரவு பன்னிரண்டு மணிக்கு ஒட்டடைக் குச்சியைத் தொட்டிக்குள் நிறுத்தி ஈரம் பட்ட இடத்தில் கோடு போட்டேன். காலை நான்கு மணிக்கு மீண்டும் போட்டேன். இரண்டு கோடுகளுக்கும் இடையே எட்டு சென்டிமீட்டர் இருந்தது. ஊரே உறங்கும் நான்கு மணி நேரத்தில் 480 லிட்டர். அந்தக் கணக்கில் ஒரு நாளைக்கு 2,880 லிட்டர், அதாவது நான்கு நாளுக்கு ஏறக்குறைய ஒரு லாரி. மார்கழியாக இருந்தாலாவது விடியுமுன் எழுந்து குளித்திருப்பார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். நடந்ததோ மே மாதத்தில்.

சுவரில் எங்கும் ஈரம் இல்லை, தரைக்கடியிலும் கசிவு தெரியவில்லை. பிறகுதான், முன்பு எங்கோ கேள்விப்பட்டிருந்த ஒரு சோதனை நினைவுக்கு வந்தது. வெள்ளைத் துணிக்குப் போடும் சொட்டு நீலத்தில் பத்துச் சொட்டுகளைக் கழிப்பறை ஃப்ளஷ் தொட்டிக்குள் விட்டு, இருபது நிமிடம் யாரும் ஃப்ளஷ் செய்யாமல் காத்திருக்க வேண்டும். கோப்பையில் நீல நிறம் தெரிந்தால் தொட்டி கசிகிறது என்று அறியலாம். இந்தக் கசிவு சமையலறைக் குழாயைப் போலச் சொட்டுச் சொட்டென்று சத்தம் போடுவதில்லை. பீங்கானின் பின்சுவரோடு மெல்லிய ஏடு போல ஒட்டி வழிவதால், அருகில் நின்றாலும் தெரியாது. உலர்ந்த காகிதத்தை அந்த இடத்தில் ஒட்டிப் பார்த்தால் நனைவது தெரியும். பதினான்கு வீடுகளிலும் சேர்த்து 26 தொட்டிகளைச் சோதித்ததில் ஏழில் நீலம் இறங்கியது. ஐந்தில், அடியிலுள்ள ரப்பர் வளையம் உப்புப் படிந்து பலகைபோல் விறைத்திருந்தது. இரண்டில் மிதவை சரியான உயரத்தில் நிற்காததால், வந்த தண்ணீரெல்லாம் நடுவிலுள்ள வழிவுக் குழாய்க்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

அந்த ஏழில் மிக மோசமாகக் கசிந்தது, எட்டு மாதமாகப் பூட்டிக் கிடந்த வீட்டின் தொட்டி. உரிமையாளர் வெளிநாட்டில் மகன் வீட்டில் இருக்கிறார். சாவி பக்கத்து வீட்டில் இருந்தது. திறந்து நீலத்தை விட்ட இரண்டாவது நிமிடமே கோப்பை நீலமாகிவிட்டது. இரண்டாம் மாடிக் குடும்பத்தின் தொட்டிகளோ இரண்டும் நன்றாகவே இருந்தன. சங்கத்தின் சார்பில் நானும் பொருளாளரும் அவர்கள் வீட்டுக்குச் சென்று வருத்தம் தெரிவித்துவிட்டு வந்தோம்.

கசிவைக் கண்டுபிடித்ததைவிட அதை நிறுத்துவதே பெரும்பாடாக இருந்தது. பூட்டிய வீட்டின் தொட்டிக்கு வரும் தண்ணீரைச் சுவரோரம் அடைக்கும் ஆங்கிள் வால்வைப் பல ஆண்டுகளாக யாரும் தொடாததால், திருகியதும் தலை மட்டும் கையோடு வந்துவிட்டது. மொட்டை மாடியில் அந்தக் குழாயையே அடைக்கும் கேட் வால்வை மூடலாம் என்று போனால், அது எத்தனை சுற்றுச் சுற்றினாலும் வெறுமனே சுழன்றதே தவிர அடைக்கவில்லை. எந்த வால்வையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது முழுக்க மூடித் திறந்து வைத்தால்தான் அவசரத்துக்கு உதவும் என்று, பின்னர் வந்த பிளம்பர் கூறினார். தொட்டியின் ரப்பர் வளையங்களைப் பற்றி அவரே, "செட்டையே மாத்திடுங்க சார், வாஷரெல்லாம் இப்ப யாரும் மாத்துறதில்ல" என்றும் சொன்னார். அவரையும் முற்றிலும் குறை சொல்ல முடியாது. ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வோர் அளவில் வளையம் செய்வதால், பழையதைக் கையில் எடுத்துக்கொண்டு நான்கு ஹார்டுவேர் கடை ஏறி இறங்கும் நேரத்தில் அவர் வேறு இரண்டு வேலைகளை முடித்துவிடுவார். ஏறி இறங்க எனக்கு நேரம் இருந்தது. ஐந்து வளையங்களில் நான்கு, ஒரு வேளைச் சிற்றுண்டியின் விலைகூட ஆகாமல் கிடைத்தன.

வேலை முடிந்தபின் அதே குச்சியை, அதே நேரத்தில் வைத்துப் பார்த்தபோது ஒரு சென்டிமீட்டர்கூட இறங்கவில்லை. லாரித் தண்ணீர் இப்போது நாற்பது மணி நேரம் வருகிறது. மீதியை நாங்கள் உண்மையாகவே செலவழிக்கிறோம். அதற்குத் தங்கள் கட்டுரையின் அறிவுரைகள் பொருந்தும்.

அந்த அறிவுரைகளும் எல்லாத் தளத்துக்கும் ஒன்றுபோல் பொருந்துவதில்லை என்பதைச் சொல்ல வேண்டும். பத்து மீட்டர் உயரத்துத் தண்ணீர், சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ அழுத்தம் தரும். எனவே தொட்டிக்கு நேர் கீழே இருக்கும் மேல் மாடியில் நூலாக வரும் தண்ணீர், கீழ்த்தளத்தில் அதே குழாயில் சீறிக்கொண்டு வரும். 2024 கோடையில் பெங்களூரு குடிநீர் வாரியம் வணிக வளாகங்களிலும் அடுக்ககங்களிலும் குழாய் முனையில் ஏரேட்டர் (காற்றைக் கலந்து தண்ணீர் வரத்தைக் குறைக்கும் சிறு வலை மூடி) பொருத்துவதைக் கட்டாயமாக்கியது நல்ல நடவடிக்கைதான். ஆனால் எங்கள் மேல் மாடியில் அதைப் பொருத்தியதும் ஒரு குடம் நிரம்பக் கால் மணி நேரமாகிறது என்று கழற்றி எறிந்துவிட்டார்கள். கீழ்த்தளத்தில் பொருத்தியவர்களுக்கோ, மாதம் ஒருமுறை உப்பு நீங்க எலுமிச்சைச் சாற்றில் ஊறவைப்பதைத் தவிர வேறு தொல்லை இல்லை.

வீட்டுக்கு வீடு மீட்டர் வைத்துவிட்டால் இவ்வளவு துப்பறியும் வேலை தேவையில்லையே என்று வாசகர்கள் கேட்கக்கூடும். நாங்களும் விலை கேட்டுப் பார்த்தோம். எங்கள் கட்டடத்தில் இரண்டு குளியலறை, சமையலறை, துணி துவைக்கும் இடம் என ஒவ்வொன்றுக்கும் மாடியிலிருந்து தனித்தனிக் குழாய் இறங்குகிறது. ஒவ்வொரு குழாயும் எல்லாத் தளங்களுக்கும் பொது. அதனால் ஒரு வீட்டுக்கு நான்கு மீட்டர், மொத்தம் 56 மீட்டர் வேண்டும் என்றதும் அந்த யோசனையைக் கைவிட்டோம். ஒரு வீட்டில் குழாய் உடைந்தால் அந்த வரிசை முழுவதற்கும் தண்ணீரை நிறுத்த வேண்டிய அவலமும் இதனால்தான். முதல் மாடிக்காரர் கண்ணாடி மாட்டச் சுவரில் துளையிட்டபோது உள்ளே பதித்த குழாயில் டிரில் இறங்கி, மேலும் கீழும் உள்ளவர்கள் ஒரு நாள் முழுவதும் வாளி சுமந்தார்கள். குழாய் எந்த வழியாகப் போகிறது என்பதைக் காட்டும் வரைபடம் எங்களிடம் இல்லை, கட்டியவரிடமும் இல்லை.

பழைய கட்டடங்களை இனி உடைத்து மாற்ற முடியாது. ஆனால் சென்னையைச் சுற்றி இன்னும் எத்தனையோ அடுக்ககங்கள் எழுந்துகொண்டிருக்கின்றன. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரே நுழைவுக் குழாய், அதில் ஒரு வால்வு, ஒரு மீட்டர், குழாய் செல்லும் வழியின் வரைபடம் ஆகிய நான்கும் இல்லாமல் பணி நிறைவுச் சான்றிதழ் வழங்கப்படாது என்று விதி செய்தால், கட்டும்போது ஆகும் கூடுதல் செலவு பெரிதாக இராது. 2003-இல் மழைநீர் சேகரிப்பைக் கெடு விதித்துக் கட்டாயமாக்கிய மாநிலம் இது. சுவருக்குள் ஓடும் தண்ணீருக்கும் அப்படி ஒரு விதியைக் கேட்பது அதிகமில்லை என்றே எண்ணுகிறேன்.

இதைத் தாங்கள் தலையங்கமாக எடுத்து எழுத வேண்டும் என்பது என் கோரிக்கை. அதற்கு இடமில்லையெனில், அந்தச் சொட்டு நீலச் சோதனையை மட்டுமாவது பங்குனி முடிவதற்குள் ஒரு கட்டம் கட்டி வெளியிடுங்கள். எங்கள் அறிவிப்புப் பலகையில் அதற்கும் இடம் வைத்திருக்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகர்,
மடிப்பாக்கம், சென்னை.