அந்த பென் டிரைவ தொடாத

டேய் மச்சான்,

நல்லா இருக்கியா? உன் மெயில் வந்து ரெண்டு வாரம் ஆச்சு, பதில் போடலன்னு திட்டிருப்ப, ஆனா இந்த தடவ சோம்பேறித்தனம் இல்லடா, கம்ப்யூட்டர் படுத்தின பாடு. நாம காலேஜ்ல சேத்து வச்ச குட்டி கேம் எல்லாம் இருந்த பழைய ஹார்ட் டிஸ்க் கெடச்சுதுன்னு சொன்னேன்ல, ஆசையா ஒண்ண டபுள் கிளிக் பண்ணேன், கேம் ஜம்முனு ஓடுச்சு. வினையே அங்கதான். அது ஓடாம மக்கர் பண்ணிருந்தா அப்பவே சுதாரிச்சிருப்பேன்.

ஃபைல்ல ஒட்டுற வைரஸ் பெரும்பாலும் ஃபைலோட வால்ல போய் உக்காந்துக்குது, புரோகிராம் ஆரம்பிக்கிற இடத்த மட்டும் தன் பக்கம் திருப்பி விட்டுக்குது. நீ கிளிக் பண்ணா மொதல்ல அது எழுந்து அக்கம்பக்கத்து எக்ஸி ஃபைல்ல, அதாவது ஓடுற புரோகிராம் ஃபைல்ல எல்லாம் ஒட்டிட்டு, அப்புறம் ஒண்ணும் தெரியாத பாப்பா மாதிரி கேமுக்கு வழி விட்டுடும்.

இத நோண்டப் போய் பழைய கதையெல்லாம் படிச்சேன், ராத்திரி தூக்கம் போச்சு. 1987ல வந்த ஜெருசலேம் வைரஸ் மாட்டிக்கிட்டதே அதோட கோட்ல இருந்த தப்பாலதான். ஏற்கனவே ஒட்டின எக்ஸி ஃபைல அதுக்கு அடையாளம் தெரியாது, அதனால ஓட்டுற ஒவ்வொரு தடவையும் திரும்ப ஒட்டி 1800 பைட் சொச்சம் ஏத்திட்டே போச்சு, கடைசில ஃபைல் ஊதிப்போய் மெமரிக்குள்ளயே அடங்கல. பேராசை! அதுக்கப்புறம் வந்ததுங்க உஷாரு. ஃப்ரோடோன்னு ஒண்ணு 4096 பைட் ஏத்தும், ஆனா மெமரில உக்காந்துக்கிட்டு, விண்டோஸுக்கு முன்னாடி இருந்த டாஸ்ல, ஃபைல் லிஸ்ட் காட்டுற டிர் கமாண்ட நீ போட்டு பாத்தா பழைய சைஸையே காட்டும். சுத்தமான ஃப்ளாப்பில பூட் பண்ணி பாத்தாதான் குட்டு உடையும்.

என்ன ரொம்ப யோசிக்க வச்சது டார்க் அவெஞ்சர்ங்கற வைரஸ்தான், 1989. ஃபைல ஓட்டக்கூட வேணாம், திறந்தாலே ஒட்டிக்கும். ஆன்டிவைரஸ் என்ன பண்ணும், ஒவ்வொரு ஃபைலா திறந்துதானே பாக்கும்? மெமரில இது இருக்குறது தெரியாம ஸ்கேன் போட்டா, ஸ்கேனரே டிஸ்க் முழுக்க பரப்பி விட்ருக்கும்டா. போலீஸ் ஜீப்ல லிஃப்ட் கேட்டு போற திருடன்.

1998ல வந்த சிஐஹெச் இன்னொரு தினுசு. விண்டோஸ் எக்ஸி ஃபைலுக்குள்ள அங்கங்க காலி இடம் கெடக்கும்ல, தன்னையே துண்டு துண்டா வெட்டி அந்த சந்துபொந்துல சொருகிக்கும், அதனால ஃபைல் சைஸ் ஒரு பைட் கூட மாறாது. அமைதியா இருந்துட்டு ஏப்ரல் 26 வந்தா ஹார்ட் டிஸ்க் ஆரம்பத்த அழிச்சு, முடிஞ்சா கம்ப்யூட்டர எழுப்பி விடுற பயாஸையும் காலி பண்ணும். அவ்ளோ நைசா ஒளியத் தெரிஞ்சவன் எதுக்கு அப்படி கத்தி ஊரக் கூட்டணும்னு எனக்கு புரியவே இல்ல.

எனக்கு வந்தது சாலிட்டி, இது ஒவ்வொரு ஃபைல்லயும் தன் கோட வேற வேற மாதிரி என்கிரிப்ட் பண்ணி, அதாவது சங்கேதமா மாத்தி வச்சுக்குது, அதனால ஒரே அடையாளத்த வச்சு தேடுனா சிக்காது. ஆன்டிவைரஸ் அந்த ஃபைல ஒரு போலி கம்ப்யூட்டருக்குள்ள கொஞ்ச நேரம் ஓட விட்டு, அது வேஷத்த கலைக்கிற வரைக்கும் காத்திருந்துதான் புடிக்குது. நான் மொதல்ல ஓடிட்டிருந்த விண்டோஸ்லயே சுத்தம் பண்ணி ஏமாந்தேன், காலைல பாத்தா திரும்ப வந்துடுச்சு. அப்புறம் டிஸ்க கழட்டி வேற மெஷின்ல போட்டு, போட்டோ டாக்குமென்ட் மட்டும் எடுத்துக்கிட்டு மிச்சத்த ஃபார்மேட் பண்ணிட்டேன்.

இப்ப எதுக்கு இவ்ளோ நீளமா எழுதுறேன்னா, போன மாசம் பாத்தப்ப உனக்கு ஒரு பென் டிரைவ் குடுத்தேன்ல, அந்த கேமெல்லாம் இந்த டிஸ்க்லேந்து காப்பி பண்ணதுதான். இன்னும் சொருகலன்னா அப்படியே வை. சொருகி விளையாடிட்டன்னா, கேம் நல்லா ஓடுச்சான்னு மட்டும் சொல்லு.

இப்படிக்கு,
உன் உருப்படாத நண்பன்