படத்தோடு உன் பெயரும் போகட்டும்

அன்புள்ள கண்ணம்மா,

உன் படங்களைப் போட்டுச் செய்து விற்கலாம் என்று நீ அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். குவளை, துணிப்பை, சாவிக்கொத்து, நாட்காட்டி என்று 14 பொருள்! ஒரே மூச்சில் இத்தனையும் வேண்டாம். உன் ஆசை புத்தகங்களுக்குப் படம் வரைவது. அப்படியானால் கையால் செய்து விற்கும் ஒவ்வொன்றும் அந்த வேலைக்கு மாதிரியாக இருக்க வேண்டும். குவளையைச் சுற்றி ஓடும் பூக்கொடியைப் பார்த்து யாரும் கதைப் புத்தகத்தைத் தூக்கிக் கொடுக்க மாட்டார்கள். அஞ்சலட்டை ஒன்றில் ஒரு குழந்தை எதையோ முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு நிற்கட்டும். அதைக் கையில் எடுக்கிற எடிட்டருக்கு உன்னால் கதை சொல்ல முடியும் என்று தெரிந்துவிடும். அதனால் முதலில் மூன்றே பொருள் போதும்: அஞ்சலட்டை, வாழ்த்து அட்டை, ஒற்றைத் தாளை மடித்துச் செய்யும் சின்னப் புத்தகம்.

குழந்தைப் புத்தகங்களை எழுதி வரைந்த ஆங்கிலேயர் பியாட்ரிக்ஸ் பாட்டர் 1890-இல் முதலில் விற்றது வாழ்த்து அட்டைக்கான முயல் படங்களைத்தான். பதிப்பாளர்கள் வேண்டாம் என்ற பீட்டர் ராபிட் கதையை 1901 டிசம்பரில் தன் செலவில் 250 பிரதி அச்சிட்டார். அடுத்த ஆண்டு அது வண்ணப் புத்தகமாகப் பதிப்பகத்திலிருந்து வந்தது. 250 பிரதிதான், ஆயிரக்கணக்கில் இல்லை. நீ முதல் தடவை 50 அடித்தால் போதும்.

அஞ்சலட்டைக்கு ஏ6 அளவு, அதாவது 105 × 148 மி.மீ. வெட்டும்போது ஓரம் நகரும் என்பதால் நாலு பக்கமும் 3 மி.மீ. கூடுதலாக வரைந்து, கோப்பை 111 × 154 மி.மீ. ஆக வை. 300 டிபிஐயில், அதாவது ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில், அது 1311 × 1819 பிக்சல். கையெழுத்து, முகம், எழுத்து எல்லாம் வெட்டுக்கோட்டிலிருந்து 5 மி.மீ. உள்ளே இருக்கட்டும். தாள் 300 முதல் 350 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்). படம் இருக்கும் பக்கத்துக்கு மட்டும் லேமினேஷன் போடச் சொல். பின்பக்கமும் பளபளத்தால் பேனா மை ஒட்டாமல் இழுபடும், எழுத முடியாத அட்டையை யாரும் அனுப்ப மாட்டார்கள்.

திரையில் மின்னுகிற பச்சையும் நீலமும் அச்சில் மங்கும். திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, அச்சு நாலு மையைக் கலந்து காட்டுகிறது. அந்த மைகளுக்கு எட்டாத நிறங்கள் உண்டு. வரைந்து முடித்த பிறகு அந்த நாலு மை முறையான சிஎம்ஒய்கேக்கு மாற்றி மனம் வெதும்புவதைவிட, நடுவிலேயே ஒருமுறை அந்த முன்னோட்டத்தைப் போட்டுப் பார். 50 அடிப்பதற்கு முன் ஒரே ஒரு ப்ரூஃப், அதாவது சோதனைப் பிரதி, வாங்கிவிடு.

வாழ்த்து அட்டையில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். மடித்த இடத்தில் தாள் வெடித்து வெள்ளையாகத் தெரிந்தால், பெரும்பாலும் தாளின் இழைக்குக் குறுக்கே மடித்திருக்கிறது என்று அர்த்தம். ஒரு தாளை எடுத்து மடிக்காமல் லேசாக வளைத்துப் பார், முதலில் நீளவாக்கில், பிறகு அகலவாக்கில். எந்தப் பக்கம் எளிதாக வளைகிறதோ, மடிப்பு அந்தப் பக்கமாகத்தான் வர வேண்டும். தாளை வெட்டுவதற்கு முன்பே இதைப் பார்த்துவிடு, வெட்டிய பிறகு ஒன்றும் செய்ய முடியாது. அடுத்து கிரீசிங், அதாவது மடிக்க வேண்டிய கோட்டை முன்பே அழுத்தி வைப்பது. மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவை இரும்பு ஸ்கேலோடு சேர்த்துப் பிடித்து, படம் இருக்கும் வெளிப்பக்கத்தில் ஒரே அழுத்தத்தில் இரண்டு தடவை இழு. உட்பக்கம் சின்ன வரம்பு ஒன்று எழும்பும். அந்த வரம்பு உள்ளே இருக்கும்படி மடி. தலைகீழாக மடித்தால் இழை இழுபட்டு மறுபடி வெடிக்கும். லேசர் அச்சில் டோனர் என்ற மைத்தூள் தாளின் மேலே படலமாக நிற்பதால், மடிப்பின் மேல் கரும்பட்டை வராதபடி வரைவது இன்னும் நல்லது.

சின்னப் புத்தகத்துக்கு ஏ4 தாளை எட்டாக மடித்து, நீளவாக்கில் ஓடும் நடு மடிப்பில் நடு இரண்டு கட்டங்களின் நீளத்துக்கு மட்டும் ஒரு வெட்டு போட்டால் எட்டுப் பக்கம் கிடைத்துவிடும். தைக்கவும் வேண்டாம், ஒட்டவும் வேண்டாம். முதலில் வெறுந்தாளில் செய்து, பென்சிலால் 1 முதல் 8 வரை எண் போட்டுப் பிரித்துப் பார். நாலு பக்கம் தலைகீழாக இருக்கும், படங்களையும் அப்படியே அடுக்கு. தாள் 100, 120 ஜிஎஸ்எம் போதும், தடித்தால் மூலையில் புடைக்கும். வீட்டுப் பிரிண்டர் பெரும்பாலும் விளிம்பு வரை அடிக்காது என்பதால் 5 மி.மீ. வெள்ளை விட்டே வடிவமை.

மூன்றிலும் பின்பக்கம் படத்தின் தலைப்பு, உன் பெயர், உன் இணையதள முகவரி இருக்க வேண்டும். க்யூஆர் கோடு போட்டால் 2 செ.மீ.க்குக் குறையாமல், சுற்றிலும் வெள்ளை விட்டுப் போடு. அதை இன்ஸ்டாகிராமுக்கு இணைக்காதே, சொந்தத் தளத்துக்கு இணை. கணக்கு ஒருநாள் முடங்கினால் அதுவரை ஊரெல்லாம் போன அட்டைகள் அத்தனையும் எங்கேயும் கொண்டுபோய்ச் சேர்க்காது.

விலை வைக்கும்போது தாள், அச்சு, உறை, தளக் கட்டணம் இவற்றோடு உன் நேரத்தையும் கூட்டு. கடைகள் பெரும்பாலும் விற்பனை விலையில் ஏறக்குறைய பாதியை எடுத்துக்கொள்ளும். அந்தப் பாதியில் உன் செலவு அடங்கவில்லை என்றால் அந்தப் பொருளைக் கடைக்குக் கொடுக்காதே. விற்ற பிறகுதான் பணம் என்று சொல்கிற கடையில், கொடுத்த எண்ணிக்கையை எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்.

புகைப்படத்துக்கு நேர் வெயில் விழாத ஜன்னல் ஓரம் போதும். எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை அட்டையை நிறுத்தினால் நிழல் தணியும். அறை விளக்கை அணைத்துவிடு, இரண்டு விதமான ஒளி கலந்தால் வெள்ளைத் தாள் ஒரு பக்கம் மஞ்சளாகிவிடும். ஒரு படத்திலாவது உன் கை அட்டையைப் பிடித்திருக்கட்டும், அளவு தெரியாமல் வாங்கிவிட்டு வருத்தப்படுகிறவர்கள் உண்டு. இணையத்துக்கு, திரைகளுக்கான பொதுவான நிறமுறையான எஸ்ஆர்ஜிபியில் சேமி. வேறு நிறமுறையில் ஏற்றினால் பல திரைகளில் சாயம் போனதுபோலத் தெரியும். இன்ஸ்டாகிராமுக்கு 1080 × 1350 பிக்சல் நன்றாக இடம் பிடிக்கும். கைவினைப் பொருள் விற்கும் எட்சி தளத்தில் கடை திறந்தால், தேடுகிறவர் கண்ணில் பட ஒரு பொருளுக்கு 13 குறிச்சொல் தருவார்கள். "அழகானது" என்று ஒன்றை வீணாக்காமல், வாங்க வருகிறவர் தட்டச்சு செய்யும் சொற்களைப் போடு.

உன் தளத்தில் 12 படம் போதும். இனிமேல் செய்ய விரும்பாத வேலை எவ்வளவு நன்றாக இருந்தாலும் எடுத்துவிடு, அதைப் பார்த்து அதே வேலைதான் வரும். ஒரே பாத்திரம் மூன்று காட்சிகளில், மூன்று மனநிலைகளில் வரும் தொடர் ஒன்று கட்டாயம் வேண்டும். புத்தகக்காரர்கள் தேடுவது அதைத்தான், முகம் பக்கத்துக்குப் பக்கம் மாறாமல் இருக்குமா என்று பார்ப்பார்கள். மின்னஞ்சல் முகவரி முதல் பக்கத்திலேயே தெரியட்டும். பதிப்பகத்துக்கு எழுதும்போது நாலு வரி, தள இணைப்பு, மொத்தம் 1 எம்பிக்குள் மூன்று சின்னப் படம், அவ்வளவுதான்.

யாராவது "இந்தப் படத்தை எங்கள் பைகளில் போடலாமா?" என்று கேட்டால் உடனே சரி சொல்லிவிடாதே. ஒரு பிரதியை விற்றதால் பதிப்புரிமை கைமாறிவிடாது. எந்தப் பொருளுக்கு, எத்தனை, எவ்வளவு காலம் என்று எழுத்தில் வாங்கிய பிறகு தொகையைச் சொல்.

முதல் ப்ரூஃப் வந்ததும் பகல் வெளிச்சத்தில் திரைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு எழுது. அந்தப் பச்சை எப்படி வந்திருக்கிறது என்று எனக்கும் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா