பள்ளி வாசலில் கொய்யா வண்டிக்கு இடம் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பதின்ம வயதுப் பிள்ளைகள் காய், பழம் சாப்பிடுவதில்லை என்று எங்கே பார்த்தாலும் புலம்பல், அடுத்த வரியிலேயே அவர்களுக்குப் புத்திமதி. டெல்லி மயூர் விஹாரில் ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே கணக்கு டியூஷன் எடுப்பவள் நான். காய்கறி உடம்புக்கு நல்லது என்று தெரியாத பிள்ளை ஒன்றைக்கூட இதுவரை பார்த்ததில்லை, எதில் என்ன வைட்டமின் என்று என்னைவிட நன்றாகவே ஒப்பிப்பார்கள். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது.

பசி வரும் நேரத்தைப் பாருங்கள். விடியற்காலையில் எழுந்து பஸ் பிடித்த பிள்ளை மத்தியானம் பள்ளி விட்டு வெளியே வருகிறது, கொஞ்ச நேரத்தில் கோச்சிங் போக வேண்டும். அந்த இடைவெளியில் கையில் இருக்கும் பத்து இருபது ரூபாய்க்கு வாசலில் என்ன கிடைக்கிறதோ அதுதான் சாப்பாடு. சிப்ஸ் பாக்கெட் பத்து ரூபாய்க்கு எல்லாக் கடையிலும் தொங்குகிறது, அந்தக் காசுக்கு ஒரு நல்ல ஆப்பிள் வராது.

கொழுப்பு, சர்க்கரை, உப்பு அதிகமான தின்பண்டங்களைப் பள்ளிக்குள்ளும், வாசலில் இருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது என்று 2020-லேயே விதி வந்துவிட்டது. எதில் எவ்வளவு சர்க்கரை என்று காட்டும் பலகையை வைக்கச் சொல்லி 2025-ல் சிபிஎஸ்இ பள்ளிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. நல்லதுதான். ஆனால் எங்கள் பக்கத்தில் ஒரு பள்ளி வாசலில் பாக்கெட் கடை அசையாமல் இருக்கிறது, கொய்யா வண்டிக்காரரைத்தான் காவலாளி தடியைத் தட்டி விரட்டுகிறார். போக்குவரத்துக்கு இடைஞ்சலாம்!

குளிர்காலத்தில் அந்த வண்டியைச் சுற்றி நிற்கும் கூட்டத்தைப் பார்க்க வேண்டும். நம் கண் முன்னால் கொய்யாவை நாலாகக் கீறி, கறுப்பு உப்பும் (காலா நமக்) மிளகாய்த்தூளும் தடவி, எலுமிச்சை பிழிந்து, காகிதத்தில் வைத்துக் கொடுப்பார். ஒரு பெண் வாங்கினால் கூட நிற்கும் நாலு பேரும் வாங்குவார்கள். வீட்டில் பழம் சாப்பிடு என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் அதே பெண்கள்தான். இந்த வயதில் அம்மா சொல்லைவிட சிநேகிதியின் கை போகும் இடம்தான் எடுபடும். இது எதிர்ப்பக்கமும் வேலை செய்யும், முட்டைக்கோஸ் பொரியல் வாசனைக்கு வகுப்பில் ஒருவர் மூக்கைப் பொத்தினால் போதும், அப்புறம் அது டிபன் பாக்ஸுக்குள் போகவே போகாது.

தேசிய குடும்ப நல ஆய்வின்படி (2019-21) நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர வைட்டமின் சி உதவும், அது கொய்யாவில் ஆரஞ்சைவிடப் பல மடங்கு அதிகம். அப்படிப்பட்ட பழத்தை விற்பவரை விரட்டுகிறோம் என்று நினைத்தால் எனக்கு ஆறவே இல்லை.

வீட்டுப் பக்கமும் சொல்ல வேண்டும். ஒரு நாளைக்கு 400 கிராமாவது காயும் பழமும் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம், உருளைக்கிழங்கு அந்தக் கணக்கில் சேராது. நம் வீடுகளில் பாதி நாள் உருளை ரோஸ்ட்தானே காய்? அப்பா பீன்ஸை ஓரமாக ஒதுக்கிவிட்டு ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு தயிர்சாதம் சாப்பிடுகிறார், பையனும் அதைத்தான் கற்றுக்கொள்கிறான். பிரிட்ஜில் முழுசாகக் கிடக்கும் பப்பாளியை எந்தப் பையனும் எடுத்து நறுக்க மாட்டான். நான் டியூஷன் நேரத்தில் நறுக்கி நடுவில் ஒரு தட்டு வைக்கிறேன், சாப்பிடு என்று ஒரு வார்த்தை சொல்வதில்லை, தட்டு காலியாகத்தான் உள்ளே போகிறது.

தெருவோர வியாபாரிகளுக்கென்று 2014-ல் சட்டம் வந்திருக்கிறது, இடம் ஒதுக்க நகர விற்பனைக் குழுக்களும் அதில் உண்டு. பள்ளி, கோச்சிங் சென்டர் பக்கத்தில் பழ வண்டிகளுக்கு முதல் இடம் கொடுங்கள், கை கழுவவும் பழம் கழுவவும் ஒரு தண்ணீர்க் குழாய் போட்டுக் கொடுங்கள். இதற்கெல்லாம் நாளாகும், சரி. வண்டியை விரட்ட வேண்டாம் என்று பள்ளி முதல்வர் காவலாளியிடம் நாளைக் காலையிலேயே சொல்லலாமே.

– கணக்கு ஆசிரியை,
மயூர் விஹார், டெல்லி