பழைய திடலில் ஒரு கான்கிரீட் குழி

அன்பு நண்பா,

மகள் வீட்டுப் புதுமனைப் படங்கள் வந்தன. பந்தியில் நீ இலை போடும் அழகைப் பார்த்து என் வீட்டுக்காரி இன்னும் சிரிக்கிறாள். இங்கே எல்லோரும் நலம். மழைதான் விடுவதாக இல்லை.

நம் தோட்டத்து ரப்பர் ஆலைக்குப் பின்னால் பந்து விளையாடினோமே, அந்தத் திடலின் ஓரத்தில், சக்கரம் வைத்த பலகையில் நின்று சறுக்கி ஆடும் ஸ்கேட்போர்டு மைதானம் ஒன்று வந்திருக்கிறது. பேரன் இழுத்துக்கொண்டு போனான். அவன் ஆட்டத்தைப் பார்த்தான், நான் தரையைப் பார்த்தேன். ஆயுள் முழுவதும் சிமெண்டில் கை வைத்தவனுக்குக் கண் வேறெங்கே போகும்?

கிண்ணம்போல் ஒரு குழி. விளிம்பில் இரும்புக் குழாய். தரை எங்கே முடிந்து சுவர் எங்கே தொடங்குகிறது என்று உள்ளங்கையால் தடவினேன். ஒரு மூலைகூடத் தட்டுப்படவில்லை. இப்படிப்பட்ட வளைவுகளில் கலவையைக் குழாய் வழியே காற்றழுத்தத்தில் பீய்ச்சி, இறுகுவதற்குள் இழுத்துச் சீவி, இரும்புக் கரணையால் தேய்த்து எடுப்பார்கள். சொரசொரப்பு இருந்தால் சக்கரம் வேகம் இழந்துவிடும். வேலை தெரிந்தவன் கை.

ஆனால் தண்ணீரை மறந்துவிட்டார்கள். 1976, 77இல் கலிபோர்னியாவில் கடும் வறட்சி. வற்றிக் கிடந்த நீச்சல் குளங்களில் பிள்ளைகள் பலகையோடு இறங்கி ஆடியதில் வளர்ந்தது இந்தக் குழி ஆட்டம். வறட்சியில் வளர்ந்ததை நாள்தோறும் மழை கொட்டும் ஊரில் கட்டினால் வடிகாலைத்தானே முதலில் யோசிக்க வேண்டும்? அடியில் இருப்பது ஒரே துவாரம். அதையும் தூங்குமூஞ்சி மரத்துச் சருகு அடைத்துக்கொள்கிறது. பையன்கள் விளக்குமாறும் சாக்குமாக இறங்கித் துடைத்த பிறகுதான் ஆட்டம்.

இரட்டைச் சடை போட்ட சிறுமி ஒருத்தி விழுந்தாள். முட்டியை எச்சில் தொட்டுத் துடைத்துவிட்டு மறுபடியும் மேலே ஏறினாள். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில்தான் ஸ்கேட்போர்டு ஆட்டத்தை முதன்முதலாகச் சேர்த்தார்களாம். மோமிஜி நிஷியா என்ற ஜப்பான் சிறுமி 13 வயதில் தங்கம் வாங்கினாளாம். பேரன் சொன்னான். அதைக் கேட்டதிலிருந்து மருமகள் அவனைத் தடுப்பதில்லை.

உன் பட்டறையால் ஒரு காரியம் ஆக வேண்டும். அந்தத் துவாரத்தின் மூடியில் கம்பிகள் அகலமாக இருக்கின்றன. சக்கரமோ ஐந்து சென்டிமீட்டர் சொச்சம்தான், சிக்கினால் பையன் தலைகுப்புற விழுவான். சிறு துளைகள் போட்ட இரும்புத் தகடு ஒன்று தரைமட்டத்துக்கு உட்காரும்படி செய்து கொடு. அளவு பின்பக்கத்தில் இருக்கிறது. பொறுப்பானவர்களிடம் கேட்டேன், தாராளமாகப் போடுங்கள் என்றார்கள், காசைப் பற்றி வாய் திறக்கவில்லை. தைப்பூசத்துக்கு முன் அனுப்பினால் போதும். கூலியைக் குறைத்துவிடாதே, உன் வீட்டுக்காரியிடம் திட்டு வாங்குவது நானாகிவிடும்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி