உபரி நீர் எத்தனை நாள் வரும்?

ஐயா,

காவிரி வெள்ளத்தின் உபரியைத் தென் மாவட்டங்களுக்குத் திருப்பவிருக்கும் காவிரி–வைகை–குண்டாறு இணைப்புக் கால்வாயைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ‘கடலில் வீணாகும் தண்ணீர்’ என்றே சொல்கிறோம். கணக்கைப் பார்ப்போம். கரூர் மாவட்டத்தில் காவிரியின் குறுக்கே உள்ள மாயனூர் கதவணையிலிருந்து கால்வாய் எடுக்கும் அளவு வினாடிக்கு 6,300 கன அடி; ஒரு நாள் முழுக்க ஓடினால் சுமார் 0.54 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி). ஆற்றில் 2 லட்சம் கன அடி புரளும்போது இது மூன்றே சதவீதம். ஆக, பலனைத் தீர்மானிப்பது வெள்ளத்தின் உயரமல்ல, அது நீடிக்கும் நாட்கள். 6 டிஎம்சி சேர்க்கவே 11 நாள் வேண்டும். வெள்ளமோ சில நாட்களில் வடிந்துவிடும். அப்போது கதவை மூட மனம் வருமா?

ஆகவே எப்போது திறப்பது, எப்போது அடைப்பது என்பதை இப்போதே எழுத்தில் வைக்க வேண்டும். தண்ணீர் டெல்டாவின் கடைமடைக்குப் போய்ச் சேர்ந்து, காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் முக்கொம்பில் கொள்ளிடத்துக்கு உபரி இறங்கினால் மட்டுமே மாயனூரில் திறக்கலாம். கொள்ளிடத்தில் ஓடுவதும் வீணல்ல: கொள்ளிடத்தின் குறுக்கே உள்ள கீழணையிலிருந்து வடவாறு வழியே வீராணம் ஏரிக்குப் போவது அந்தத் தண்ணீர்தான். முகத்துவாரத்தில் உப்புநீர் உள்ளே ஏறாமல் தள்ளி நிறுத்துவதும் அதுவே. காவிரி நடுவர் மன்றம் 2007இல் சுற்றுச்சூழலுக்கென 10 டிஎம்சி ஒதுக்கியதை யாரும் நினைவூட்டுவதில்லை.

வழியிலுள்ள கண்மாய்களின் வரத்துக்கால்களைத் தூர்வாராமல் கால்வாயை மட்டும் வெட்டினால், கிடைக்கும் சில நாள் தண்ணீரையும் தேக்க இடமிருக்காது.

– ஒரு வாசகர், திருச்சி