இரண்டையும் சேர்த்தே விடச் சொன்னவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

குடியையும் சிகரெட்டையும் விட்டுவிட்டேன் என்று ஊரில் பலரும் என்னைப் பாராட்டுகிறார்கள். அந்தப் பாராட்டில் பெரும்பங்கு வேறு சிலரைச் சேர வேண்டியது. அவர்களுக்கு நேரில் நன்றி சொல்லிவிட்டேன். ஆனாலும் நாலு பேர் படிக்கும்படி எழுத வேண்டும் என்று மனம் சொல்கிறது. "முதலில் குடியை விடு, சிகரெட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்பதுதான் ஆண்டுக்கணக்காக எனக்குக் கிடைத்த புத்திமதி. முன்பு தங்கியிருந்த ஒரு மறுவாழ்வு மையத்தில்கூட, காலை மாலை இருவேளையும் புகைப்பதற்கென்றே நேரம் ஒதுக்கியிருந்தார்கள். இரண்டும் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுக்கொண்டவை, சேர்த்தே அவிழ்க்க வேண்டும் என்று சொல்லி, சொன்னதோடு நில்லாமல் கூடவும் நின்றவர்களுக்கே இந்த மடல்.

நான் சிவகாசியில் ஆஃப்செட் அச்சகம் ஒன்றில் இயந்திரம் ஓட்டுகிறேன். ஆடிப்பெருக்கன்று புதுக் காலண்டர் ஆல்பங்கள் வெளிவந்தால் மார்கழி வரைக்கும் இரவு பகல் பாராத வேலை. காகிதமும் மையும் பெட்ரோலும் புழங்கும் இடத்தில் தீக்குச்சி ஆகாது. ஆகவே புகை என்றால் வெளியே டீக்கடைதான். டீயும் சிகரெட்டுமாக நிற்கும் அந்தக் கூட்டம் அப்படியே மதுக்கடைக்கு நகரும். இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை, எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

முதல் நன்றி பல் மருத்துவருக்கு. கடைவாய்ப் பல்லைப் பிடுங்கத்தான் போனேன். நீங்கள் பல்லோடு விடாமல் நாக்கின் அடி, கன்னத்தின் உட்புறம் எல்லாம் விளக்கடித்துப் பார்த்தீர்கள். "சிகரெட் மட்டுமா, குடியும் உண்டா?" என்று கேட்டீர்கள். இதுவரை எந்த மருத்துவரும் இரண்டையும் ஒரே மூச்சில் என்னிடம் கேட்டதில்லை. மது வாயின் மென்தோலை இளக்கிவிடுகிறது, புகையில் உள்ள நச்சு அதன் வழியே சுலபமாக இறங்கிவிடுகிறது என்றீர்கள். இரண்டும் உள்ளவருக்கு வாயிலும் தொண்டையிலும் புற்றுநோய் வரும் ஆபத்து, தனித்தனி ஆபத்துகளைக் கூட்டினால் வருவதைவிடவும் பெரியது என்று நிதானமாகச் சொன்னீர்கள். பயமுறுத்தவில்லை. "இன்றைக்கு வாயில் புண் எதுவும் இல்லை, நல்ல நேரத்தில் வந்திருக்கிறீர்கள்" என்று சொல்லி, மதுரைக்கு ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தீர்கள்.

மதுரையில் என்னைப் பார்த்த மனநல மருத்துவர் அம்மாவுக்கு எப்படி நன்றி சொல்வேன்? நீங்கள் எனக்கு வெறும் மருந்துச் சீட்டு தரவில்லை, என் உடம்பு எப்படி வேலை செய்கிறது என்று பாடம் நடத்தினீர்கள். மது ஆளை மந்தமாக்கும், புகையிலையில் உள்ள நிகோடின் தட்டி எழுப்பும். அதனால் கையில் சிகரெட் இருக்கிறவன் தன் அளவைத் தாண்டியும் தெம்பாக இருப்பதாக நினைத்துக்கொண்டு குடிக்கிறான். இரண்டும் மூளையில் போய்த் தட்டுவது ஒரே கதவை, இன்ப உணர்வைத் தூண்டும் டோபமின் என்ற பொருள் சுரக்கும் அதே இடத்தை. ஆண்டுக்கணக்கில் இரண்டும் சேர்ந்தே வந்ததால், ஒன்று வந்தாலே மற்றது எங்கே என்று மூளை தேடுகிறது. குடியை மட்டும் விட்டுவிட்டு மாலையில் டீக்கடையில் நின்று புகைத்தபோதெல்லாம், சில மாதங்களிலேயே மதுக்கடைக்குத் திரும்பி வந்தது ஏன் என்று எனக்கு அன்றுதான் விளங்கியது.

"ஒரே நேரத்தில் இரண்டையும் விட்டால் உடம்பு தாங்குமா?" என்று என் மனைவி கேட்டபோது நீங்கள் சலித்துக்கொள்ளவில்லை. அமெரிக்காவின் மின்னசோட்டாவில் குடிக்கும் பிற போதைக்கும் சிகிச்சை பெற்ற 845 பேரைப் பின்தொடர்ந்து 1996இல் வெளியான ஆய்வைப் பற்றிச் சொன்னீர்கள். அவர்களில் இறந்துபோனவர்களில் பாதிக்குச் சற்று மேற்பட்டவர்களின் சாவுக்குப் புகையிலை தொடர்பான காரணம். மது தொடர்பான காரணம் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு. குடிக்காகவும் போதைக்காகவும் சிகிச்சைக்கு வந்தவர்களைச் சிகரெட் கொண்டுபோயிருக்கிறது. போதைச் சிகிச்சையோடு புகையை விடவும் உதவி பெற்றவர்கள், மதுவிலிருந்தும் பிற போதையிலிருந்தும் நீண்ட காலம் விலகி இருக்கும் வாய்ப்பு 25 சதவீதம் கூடுதல் என்று பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டு 2004இல் வந்த தொகுப்பாய்வையும் சொன்னீர்கள். அந்தக் கணக்குகள்தான் என் மனைவிக்குத் தைரியம் கொடுத்தன.

வார்டில் இருந்த சிஸ்டர்களுக்கு என் வணக்கம். தினமும் குடிக்கிறவர் வீட்டிலேயே திடீரென்று நிறுத்திவிடக் கூடாது என்பதை உங்களிடம்தான் கற்றுக்கொண்டேன். சில மணி நேரத்தில் நடுக்கம் தொடங்கும், சிலருக்கு வலிப்பு வரும், இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் பிதற்றலும் வரலாம், உயிருக்கே ஆபத்து. சிகரெட்டை நிறுத்தினால் எரிச்சலும் தூக்கக் கேடும் வாட்டும், ஆனால் உயிர் போகாது. பக்கத்துக் கட்டில்காரர் நள்ளிரவில் சுவரில் பூச்சி ஊர்கிறது என்று கத்தியபோது, கடைசி வரை அவர் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த சிஸ்டரை நான் மறக்க மாட்டேன். வைட்டமின் பி1 ஊசி போடும்போது எரிகிறது என்று முனகினால், ஊசியை இன்னும் மெதுவாக இறக்குவீர்கள்.

நிகோடின் சூயிங்கம் மெல்லக் கற்றுக்கொடுத்த ஆலோசகர் தம்பிக்கும் நன்றி. 2 மில்லிகிராம் கம் ஒன்றைப் பிரித்துக் கையில் கொடுத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்துகொண்டார். "மிட்டாய் மாதிரி மென்று தள்ளாதீர்கள் அண்ணா. மெதுவாகச் சில கடி. மிளகு போலச் சுருக்கென்று உறைத்ததும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வையுங்கள். உறைப்பு அடங்கியதும் மறுபடி." அரை மணி நேரம் இப்படி. டீயோ சோடாவோ குடித்த கால் மணி நேரத்துக்குள் கம்மைப் போட்டால் மருந்து சரியாக இறங்காது என்பதும் அவர் சொன்னதுதான். இது தெரியாமல் "கம் வேலைக்கு ஆகாது" என்று தூக்கிப் போட்டவர்களை எனக்குத் தெரியும்.

டீயைப் பாதியாகக் குறைக்கச் சொன்னதும் அவரே. புகையில் உள்ள சில பொருள்கள் கல்லீரலை முடுக்கிவிட்டுக் காஃபினை வேகமாகச் சிதைக்கின்றன. சிகரெட் நின்றதும் அந்த வேகம் குறைகிறது, குடித்த டீ உடம்பில் நெடுநேரம் தங்குகிறது. படபடப்பு, தூக்கமின்மை, கை நடுக்கம். இதைக் குடி இல்லாததால் வந்த நடுக்கம் என்று எண்ணிக்கொண்டு மறுபடி குடிக்கப் போகிறவர்கள் உண்டு.

இனி என் மனைவியான உனக்கு. மருத்துவர் அம்மா ஆசை எழும் நேரத்தையெல்லாம் குறித்துக்கொண்டு வரச் சொன்னார். வீட்டில் நோட்டு இருக்க, நீ தினசரி காலண்டரில் கிழித்த தாள்களின் பின்புறத்தில்தான் எழுதினாய். நான் ஓட்டும் இயந்திரத்தில் அச்சான தாள்களாகக்கூட அவை இருக்கலாம். "மாலை 6.20 டீ. 6.30 சிகரெட் நினைப்பு. 7 மணிக்குக் குடி நினைப்பு." அடுத்த தாளில்: "மத்தியானம் கறிக்குழம்பு. சாப்பிட்டதும் சிகரெட். குடி நினைப்பு இல்லை." அதற்கடுத்து: "சனி. டீ குடிக்கவில்லை. 7 மணிக்கு நேரே குடி நினைப்பு, பிறகு சிகரெட்." தாள்களை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி மருத்துவரிடம் நீதான் நீட்டினாய். அவர் மேசைமேல் வரிசையாகப் பரப்பினார். பகலில் சிகரெட் தனியாக வருகிறது, மாலை ஆறரைக்குப் பிறகு எது முதலில் வந்தாலும் மற்றது பின்னாலேயே வந்துவிடுகிறது என்பது மூன்று பேர் கண்ணுக்கும் பளிச்சென்று தெரிந்தது. அன்றிலிருந்து நமக்குக் காவல் காக்க வேண்டிய நேரம் ஆறரையிலிருந்து எட்டு வரை என்று ஆனது. அந்த நேரத்தில் நீ என்னைக் குளிக்கச் சொன்னாய், இரவுச் சாப்பாட்டை ஏழு மணிக்கே போட்டாய், மகளுக்குக் கணக்குச் சொல்லித்தர உட்கார வைத்தாய். ஒரு நாளும் "விட்டுவிடுவாயா?" என்று கேட்கவில்லை. நீ கேட்காமல் இருந்ததற்கும் சேர்த்து நன்றி.

பெட்டிக்கடை அண்ணாச்சி, உங்களுக்கு நான் தினசரி வியாபாரம். அதை நீங்களாகவே விட்டுக்கொடுத்தீர்கள். சில்லறையாக ஒரே ஒரு சிகரெட் என்று நான் கைநீட்டிய அன்று, "உனக்கு இங்கே சரக்கு இல்லை" என்று சொல்லிவிட்டு ஒரு கடலைமிட்டாயை எடுத்துக் கையில் வைத்தீர்கள். கடை முகப்பில் தொங்கிய நெருப்புக் கயிற்றைப் பக்கவாட்டுக்கு மாற்றிக் கட்டினீர்கள். அதிலிருந்து பற்றவைக்கிறவர்கள் என் முகத்துக்கு நேரே ஊத வேண்டாம் என்பதற்காகத்தான் என்று பிறகு வேறொருவர் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

ஃபோர்மேன் அண்ணன் சனிக்கிழமைச் சம்பளக் கவரைத் தாமே வைத்திருந்து, ஞாயிறு காலையில் வீட்டில் கொண்டுவந்து கொடுத்தார். நான்தான் அப்படிக் கேட்டேன். அதை அச்சகத்தில் ஒருவரிடமும் சொல்லாமல் காப்பாற்றினார்.

குடியை விட நினைப்பவர்கள் கூடி ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் குழுவின் பெரியவருக்கு அடுத்த வணக்கம். கூட்டம் முடிந்ததும் வாசலில் நின்று ஆளுக்கொரு சிகரெட் பற்றவைப்பது அங்கே வழக்கமாக இருந்தது. என்னைத் தனியே அழைத்து ஒரு செய்தி சொன்னீர்கள். 1935இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில் இந்த இயக்கத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவரான பில் வில்சன், 1934 டிசம்பரில் குடியை விட்டவர், பிறகு சாகும்வரை ஒரு சொட்டும் தொடவில்லை. உலகெங்கும் எத்தனையோ குடும்பங்களைக் காப்பாற்றிய அந்த மனிதர், நெடுங்காலம் புகைத்ததால் நுரையீரல் கெட்டு, எம்ஃபிசிமா நோய்க்கு ஆளாகி, 1971 ஜனவரியில் இறந்தார். "அவர் முடிக்காமல் விட்டதை நாம் முடிக்கலாம்" என்றீர்கள். அடுத்த வாரத்திலிருந்து நீங்களும் வாசலில் நிற்கவில்லை. கூட்டம் முடிந்ததும் என்னோடு பஸ் நிறுத்தம் வரைக்கும் நடந்து வந்தீர்கள், எழுபதைத் தாண்டிய வயதில்.

கடைசியாக மாப்பிள்ளைக்கு. பெரியப்பா தவறிய வீட்டுக்கு நான் போகாமல் இருக்க முடியாது. துஷ்டி வீடு எப்படி இருக்கும் என்பது தெற்கத்திக்காரர்களுக்குத் தெரியும். பந்தலில் உட்கார்ந்ததும் வெற்றிலை, பீடிக்கட்டு, சிகரெட், தீப்பெட்டி வைத்த தாம்பாளம் வரிசையாக வரும். வேண்டாம் என்று சொல்வது மரியாதைக் குறைவாகக்கூடப் படும். இருட்டியதும் வீட்டுக்குப் பின்னால் பாட்டில் திறப்பார்கள். நீங்கள் திருப்பூரிலிருந்து விடிகாலையில் வந்து இறங்கியதுமே என் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டீர்கள். தாம்பாளம் வந்தபோது அதை முதலில் வாங்கி, வெற்றிலையை மட்டும் தொட்டு, என்னைத் தாண்டி அடுத்தவரிடம் நீட்டினீர்கள். யாருக்கும் வித்தியாசமாகத் தெரியவில்லை. நீங்கள் புகைக்கிறவர், அன்று முழுவதும் புகைக்கவில்லை. சாயங்காலம் ஆறரை ஆனதும், அந்த நேரம் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று இன்றுவரை நான் கேட்டதில்லை, அக்கா சொல்லியிருப்பாள், "வாங்க மச்சான், ஐஸ் பெட்டிக்காரனைப் பார்த்துவிட்டு வருவோம்" என்று கூட்டிக்கொண்டு போனீர்கள். எட்டு மணிக்குத்தான் திரும்பினோம். அந்த ஒன்றரை மணி நேரத்துக்கு நான் உங்களுக்குக் கடன்பட்டிருக்கிறேன்.

இதைப் படிக்கிறவர்களில் என் நிலையில் இருப்பவர்கள் இருந்தால், புகையிலையை விட அரசின் இலவச எண் 1800 11 2356. மதுவுக்கும் மற்ற போதைக்கும் 14446. எதை அழைத்தாலும் உங்களிடம் இரண்டு பழக்கமும் உண்டு என்பதை முதலிலேயே சொல்லுங்கள். ஒன்றைப் பற்றி மட்டும் கேட்டால், மற்றதை நீங்களாகச் சொல்லுங்கள். தினமும் குடிக்கிறவர் என்றால் தனியாக நிறுத்தாமல், மருத்துவமனைக்குப் போய் நிறுத்துங்கள்.

பெயர் குறிப்பிட வேண்டாம் என்று குழுவின் பெரியவர் சொன்னதால் யார் பெயரையும், என் பெயரையும் எழுதவில்லை. படித்தவுடன் அவரவருக்குத் தெரியும்.

என்றும் நன்றியுடன்,
அச்சகத் தொழிலாளி ஒருவன்,
சிவகாசி.