அந்தக் கடைசிப் பத்தியையும் சேர்த்துக் கொடுங்கள்

கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் சர்வர் அமைத்துக் கொடுக்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். நீங்கள் போட்டுக் கொடுத்துவிட்டுப் போன பிறகு, அந்த சர்வரோடு வருடக்கணக்கில் குடும்பம் நடத்துகிறவர்களில் நானும் ஒருவன். திருப்பாதிரிப்புலியூரில் இருந்துகொண்டு, கடலூர் ஓ.டி. தொடங்கி முதலியார்பேட்டை வரை சில சின்ன அலுவலகங்களுக்குப் போய் வருகிறேன். உங்களைக் குறை சொல்வதற்காக இந்த மடல் இல்லை என்று ஆரம்பிக்கலாம் என்றுதான் பார்த்தேன். பொய்யாகிவிடும். ஒரு குறை இருக்கிறது.

ஒப்படைப்புத் தாளில் '64 பிட் சர்வர்' என்று ஒரு வரி எழுதிவிடுகிறீர்கள். அது பிராசசரைச் சொல்கிறதா, கெர்னலை (இயங்குதளத்தின் மையக்கருவை) சொல்கிறதா, உள்ளே ஏற்றியிருக்கும் பேக்கேஜ்களை (மென்பொருள் தொகுப்புகளை) சொல்கிறதா? பேக்கேஜ் பட்டியலை, ஒவ்வொன்றும் எந்த ஆர்க்கிடெக்சர், அதாவது எந்த வகைப் பிராசசருக்கானது என்று காட்டும் பத்தியோடு தாளில் சேர்த்துக் கொடுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

மஞ்சக்குப்பத்தில் ஒரு சிக்கன நாணயச் சங்கம். அங்கே ஓடிக்கொண்டிருந்தது சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸ் இயங்குதளம். அதற்கான ஆதரவு 2024 ஜூன் 30-ஆம் தேதியோடு முடிந்ததால், புது இயந்திரத்தில் அல்மாலினக்ஸ் 9 போட்டு எல்லாவற்றையும் மாற்றினேன். கணக்கு மென்பொருள் வந்தது, தரவுத்தளம் வந்தது, பாஸ்புக் பிரிண்டர் மட்டும் வாயைத் திறக்கவில்லை. அதற்கான டிரைவர் நிரலை ஓடவிட்டால் 'அப்படி ஒரு கோப்பு இல்லை' என்கிறது. பட்டியலிட்டுப் பார்த்தால் கோப்பு அங்கேயே இருக்கிறது. அனுமதிகள் சரி, உரிமையாளர் சரி. வாசலில் நிற்கிறவர் முகத்தைப் பார்த்தே 'அவர் வீட்டில் இல்லை' என்று சொல்வது மாதிரி. வெளியே உறுப்பினர்கள் பாஸ்புக்கைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில். செயலாளர் பழைய ஒப்படைப்புத் தாளை எடுத்து வந்து, "64 பிட்டுன்னுதான் போட்டிருக்கு தம்பி" என்று விரலை வைத்துக் காட்டினார்.

நிரலுக்கு எந்த நூலகங்கள் (நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் துணைக் கோப்புகள்) வேண்டும் என்று எல்டிடி கட்டளையிடம் கேட்டேன். 'இது டைனமிக் நிரலே இல்லை', அதாவது நூலகங்களை நம்பியிருக்கும் நிரலே இல்லை என்று அது வேறு என்னைத் திசைதிருப்பியது. இரண்டு மணி நேரம் போன பிறகுதான், ஒரு கோப்பு என்ன வகை என்று சொல்லும் ஃபைல் கட்டளையை நினைத்தேன். ஒரே வரியில் பதில்: 32 பிட், இன்டெல் 80386. அந்த நிரலைத் தூக்கி நிறுத்த வேண்டிய 32 பிட் லோடர் புது சர்வரில் இல்லை. கெர்னல் 'இல்லை' என்று சொன்னது அந்த லோடரைத்தான்; எது இல்லை என்று மட்டும் சொல்லவில்லை. லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சியின் ஐ686 (32 பிட்) பேக்கேஜையும், அச்சு வேலையைக் கவனிக்கும் கப்ஸ் நூலகத்தின் ஐ686 பேக்கேஜையும் ஏற்றியதும் பிரிண்டர் கடகடவென்று அடிக்க ஆரம்பித்தது. வேலை என்னவோ ஐந்து நிமிடம்தான்.

வீட்டுக்கு வந்து பழைய சர்வரின் பேக்கேஜ் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். ஜிலிப்சி இரண்டு தடவை இருந்தது, ஒன்று ஐ686, இன்னொன்று 64 பிட்டான எக்ஸ்86_64. கப்ஸ் நூலகமும் அப்படியே. அமைத்துக் கொடுத்தவருக்கு என்னை மாதிரியே ஒரு நாள் இதே தலைவலி வந்திருக்கிறது, சரியாகத் தீர்த்தும் இருக்கிறார். தாளில் எழுதத்தான் அவருக்கு மனம் வரவில்லை.

சென்ட்ஓஎஸ் 5 காலத்து ஆட்களுக்கு இது புதிதில்லை. அப்போது பேக்கேஜ்களை நிர்வகிக்கும் ஆர்பிஎம்மிடம் பட்டியல் கேட்டால் பெயரும் பதிப்பும்தான் வரும், ஆர்க்கிடெக்சர் வராது. 64 பிட் இயந்திரத்தில், பேக்கேஜ்களை இணையத்திலிருந்து இறக்கும் யம்மிடம் ஒரு பேக்கேஜ் கேட்டால் இரண்டு ஜாதியையும் சேர்த்து இறக்கிவிடும். அதனால் ஒரே பெயர் இரண்டு வரியில் நிற்கும். தந்தை பெயர்ப் பத்தி இல்லாமல் அச்சடித்த வாக்காளர் பட்டியலில் இரண்டு முருகன்களைத் தேடுவது போலத்தான். ஒன்றை நீக்கப் போனால், இந்தப் பெயரில் பல பேக்கேஜ் இருக்கிறது என்று ஆர்பிஎம் கையை விரிக்கும். பதிப்பு 6 வந்த பிறகு பட்டியலின் கடைசியில் ஆர்க்கிடெக்சர் தானாகவே ஒட்டிக்கொண்டு வருகிறது. டெபியன், உபுண்டு வகை லினக்ஸில் ஆர்பிஎம்முக்கு நிகரான டிபிகேஜியின் பட்டியலில் அதற்குத் தனிப் பத்தியே உண்டு. ஆக, நீங்கள் மெனக்கெட எதுவுமில்லை. இருப்பதை வெட்டாமல் கொடுத்தால் போதும். பட்டியலை எக்ஸெலில் ஒட்டும்போது 'அழகாக' இருக்கட்டும் என்று அந்தப் பத்தியை அழித்துவிட்ட கோப்புகளும் என்னிடம் இருக்கின்றன.

அந்தப் பத்தியில் நோஆர்ச் என்றோ, டெபியனில் ஆல் என்றோ வந்தால் கவலை இல்லை, அவை எந்த இயந்திரத்துக்கும் பொதுவான எழுத்துருவும் ஸ்கிரிப்ட்டும் ஆவணமும்தான். ஆர்பிஎம்மில், பேக்கேஜ் அசல்தானா என்று சரிபார்க்கும் கையொப்பச் சாவிகளுக்கு மட்டும் 'நன்' (none, ஏதுமில்லை) என்று வரும். அதைப் பார்த்துப் பதறி எனக்குப் போன் போட்டவர்கள் உண்டு.

யூநேம் கட்டளையின் பதிலை மட்டும் தாளில் ஒட்டிவிட்டு முடித்துக்கொள்ளாதீர்கள். அது கெர்னல் எந்த இயந்திரமாகத் தன்னைக் காட்டிக்கொள்கிறது என்பதைத்தான் சொல்லும். பேக்கேஜ்கள் எந்த ஜாதி என்பதை டிபிகேஜியிடமோ ஆர்பிஎம்மிடமோதான் கேட்க வேண்டும். டெபியன் வகையில், கூடுதலாக எந்த ஆர்க்கிடெக்சரைச் சேர்த்திருக்கிறோம் என்பதையும் டிபிகேஜி சொல்லும். அந்த ஒரு வரியையும் சேர்த்துவிடுங்கள்.

இன்னொன்று. என் பாஸ்புக் பிரிண்டர் டிரைவர் பேக்கேஜாக வந்ததே இல்லை. யாரோ பென்டிரைவில் கொண்டுவந்து ஆப்ட் (/opt) அடைவில் போட்டுவிட்டுப் போனது. பேக்கேஜ் பட்டியலை எத்தனை முறை புரட்டினாலும் அது தலைகாட்டாது. எனவே ஆப்ட், யூஎஸ்ஆர் லோக்கல் (/usr/local) இரண்டு இடத்திலும் கையால் வைத்த நிரல்கள் மேல் ஃபைல் கட்டளையை ஓட்டி, அந்த விடையையும் கொடுங்கள். சங்கத்தின் பழைய சர்வரில் பிறகு நான் அப்படித் தேடியபோது இன்னும் மூன்று 32 பிட் நிரல்கள் அகப்பட்டன. அதில் ஒன்று எதற்கு என்று இன்றுவரை யாருக்கும் தெரியவில்லை, எடுக்கவும் பயமாக இருக்கிறது.

'ஓடுகிற வரைக்கும் ஓடட்டுமே' என்று உங்களில் சிலர் என்னிடமே சொல்லியிருக்கிறீர்கள். ஆனால் ரெட் ஹாட் 10-இல் ஐ686 பேக்கேஜ்களே கிடையாது. 2025-இல் வந்த டெபியன் 13-ஐ ஐ386 (32 பிட்) இயந்திரத்தில் நேரடியாக நிறுவ முடியாது. 64 பிட் அமைப்புக்குள் பழைய நிரல்களை ஓட்டுவதற்கு மட்டும் அந்தப் பேக்கேஜ்களை வைத்திருக்கிறார்கள். கடன் கொடுக்கிற சங்கத்துக்கு இன்னொரு கணக்கும் உண்டு. நேரத்தை 32 பிட்டில் எண்ணுகிற பழைய நிரல்களுக்கு 2038 ஜனவரி 19, நம் நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடியோடு எண்ணிக்கை தீர்ந்துவிடும். அடுத்த நொடி 1901-க்குப் போய்விடும். 15 ஆண்டு வீட்டுக் கடன் இன்றைக்குக் கொடுத்தால் கடைசித் தவணை அந்தத் தேதியைத் தாண்டித்தான் விழுகிறது.

நம் ஊருக்கு இது கூடுதலாகத் தேவை என்பதற்குக் காரணம் வேறு. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் அடித்தபோது எனக்கு இந்தத் தொழிலில் அனுபவம் குறைவு. ஒரு கடையின் சர்வர் தண்ணீரில் நனைந்து போக, நெய்வேலியில் தெரிந்தவர் ஒருவரிடம் பழைய டெஸ்க்டாப்பை இரவல் வாங்கி, ஜெனரேட்டரில் ஓட்டி பேக்கப்பை மீட்கப் பார்த்தேன். பேக்கப் 64 பிட், டெஸ்க்டாப் 32 பிட், அதனால் ஓடவில்லை. அன்றைக்கு என்னிடம் ஒரு தாள் இருந்திருந்தால் நெய்வேலி வரை போயிருக்க மாட்டேன். அடுத்த புயலில் கையில் கிடைக்கிற இயந்திரம் ஆர்ம் (செல்போன்களில் இருக்கிற பிராசசர் வகை) ஆகவும் இருக்கலாம். அதில் எக்ஸ்86 நிரலை நேராக ஓட்ட முடியாது.

தாள் எப்படி இருக்க வேண்டும் என்று தெரியாவிட்டால் கேளுங்கள், என்னுடையதைத் தருகிறேன். சங்கத்தின் ரேக் கதவுக்கு உட்புறம் ஒட்டியிருக்கிறேன், செல்லோடேப் கொஞ்சம் மஞ்சளாகிவிட்டது.

அன்புடன்,
திருப்பாதிரிப்புலியூரிலிருந்து உங்கள் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறவன்

பி.கு.: யூநேம் சொல்வதை அப்படியே நம்புகிறவர்கள், ராஸ்பெரி பை 4 என்ற சின்னக் கணினியில் 32 பிட் ராஸ்பெரி பை ஓஎஸ் போட்டுப் பாருங்கள். யூநேம் ஏஆர்ச்64 (64 பிட் ஆர்ம்) என்கும், டிபிகேஜி ஆர்ம்எச்எஃப் (32 பிட் ஆர்ம்) என்கும். இரண்டும் உண்மைதான்.